மைனாவுக்கு நேர்ந்த பொங்கல்

திங்கட்கிழமை காலையில் ஷகீல் சேட் லாயத்துக்கு வந்து நின்றபோதே விஷயம் நல்லதல்ல என்று ராஜபாண்டிக்குத் தெரிந்துவிட்டது. குதிரைக்குச் சொந்தக்காரர்தான், ஆனால் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளும் நாளைத் தவிர அந்த மனிதர் செம்பூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எண்ணெய் ஆலைகளின் வாடையும் குதிரைச் சாணமும் கலந்து வீசும் காற்று அவருக்கு ஆகாது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். புனேயில் ஒருவர் தன் மகளுக்காக மைனாவைக் கேட்கிறார். வாரக் கடைசியில் கர்ஜத் பக்கம் நடக்கும் தகுதிப் போட்டியில் மைனா தேறிவிட்டால் விற்பதில்லை, தேசியப் போட்டிக்கும் ராஜபாண்டியே ஓட்டிக்கொண்டு போகலாம். தேறவில்லையென்றால் மைதானத்திலிருந்தே அவளை ஏற்றிக்கொண்டு லாரி புனேக்குப் போய்விடும்.

"தேக் லே, பாண்டி," என்று முடித்துவிட்டுக் காரில் ஏறினார். பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்!

மைனா ரேஸ் கோர்ஸ் வேண்டாமென்று கழித்த செம்பழுப்புப் பெண் குதிரை. வந்தபோது விலா எலும்பை எண்ணலாம். ஆளைக் கண்டால் காதை மடித்துக் கடிக்க வருவாள். தரையில் கிடந்த ஒரு கழியைத் தாண்டுவதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது. இன்றைக்கு ராஜபாண்டி சேணத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்தாலே அவளுக்கு என்ன வேண்டுமென்று தெரிந்துவிடும். ஆனால் குதிரை ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவன் பிழைப்பு வாடகை வீட்டுக்காரன் பிழைப்புதான். வெள்ளையடித்து, ஒழுகலை அடைத்து, வீட்டை வீடாக்குவது இவன். காலி செய் என்று சொல்வது இன்னொருத்தர். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே பாசம் வைத்தான், அதுதான் அவன் செய்த முட்டாள்தனம்.

தாராவியில் அவன் குடியிருக்கும் சந்தில் அவனை 'ஈவென்ட் ரைடர்' என்று சொன்னால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன் என்றுதான் புரிந்துகொள்வார்கள். "நம்ம பய கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரை ஒண்ணு சொல்லி விடுங்க அண்ணாச்சி," என்று தோல் பட்டறை செல்லப்பாண்டி பார்க்கும்போதெல்லாம் கேட்பான். ராஜபாண்டியும் விளக்கிச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டான். மூன்று நாள் போட்டி. முதல் நாள் அரங்கத்துக்குள் குதிரையை அடி பிசகாமல் நடத்திக் காட்டவேண்டும். இரண்டாம் நாள் காடு மேடு, பள்ளம், தண்ணீர், மரக்கட்டை எல்லாவற்றையும் தாண்டி ஓட்டவேண்டும். மூன்றாம் நாள், அந்தக் களைப்போடு, வண்ணம் அடித்த கழிகளை ஒன்றும் விழாமல் தாண்டவேண்டும். ஒரே குதிரை, ஒரே ஆள். இதைக் கேட்டு முடித்ததும் செல்லப்பாண்டி, "அப்போ வெள்ளைக் குதிரை கிடையாதா?" என்பான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஷைஸ்தாவின் குரல் செய்தி எல்லா ஓட்டிகளுக்கும் வந்தது. போட்டிகளில் குதிரைகளைப் பரிசோதிப்பது அந்த அம்மாள்தான். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அதே பாடத்தை அதே கண்டிப்போடு சொல்லுவார். வலி மருந்து கூடாது, தைலம் கூடாது, காப்பி, சாக்லேட் கூடாது, கற்பூரம் சேர்ந்த எதுவும் குதிரையின் தோலிலும் படக்கூடாது, வாயிலும் படக்கூடாது. முன்னணியில் வருகிற குதிரைகளிடம் ரத்தம் எடுப்போம். அகப்பட்டால் குதிரைக்கும் தடை, ஓட்டிக்கும் தடை.

அதைக் கேட்ட கையோடு ராஜபாண்டி நேராகப் போய்க் குதிரையைப் பராமரிக்கும் சயீஸ் பைசானின் பெட்டியைத் திறந்தான். மைனாவுக்குத் தீனி வைத்துத் தேய்த்து விடுகிற பைசானுக்கு முதுகு வலி. ஒரு சின்ன தைல டப்பா வைத்திருந்தான். ராஜபாண்டி அதை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தான்.

"அரே பாய், நான் என் முதுகுல தடவுறது!" என்று பைசான் இந்தியில் கத்தினான்.

"உன் கையை அவ நக்குவா. வாரம் முடியுற வரைக்கும் வலியோட இரு."

நியாயமான கோபம்தான். ஆனால் ஊரானுக்குச் சொன்ன புத்தி தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவேண்டுமே.

புதன்கிழமை மதியம் லாயத்தின் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து எவர்சில்வர் தூக்குவாளியை மடியோடு அணைத்துக்கொண்டு சண்முகவடிவு இறங்கினாள். ராஜபாண்டியின் அம்மா. மகன் குதிரையேறத் தொடங்கிய நாளிலிருந்து இந்த லாயத்தை அவள் மிதித்ததில்லை. குதிரை என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். போன மழைக்காலத்தில் அவன் விழுந்து தோள் எலும்பு முறிந்து கிடந்தபோது, வாயில் சோறு ஊட்டிக்கொண்டே அந்தக் குதிரையை வாய்க்கு வந்தபடி வைதவள். இன்று தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்றாள்.

"முப்பிடாதியம்மனுக்கு நேந்திருந்தேன்யா. காலையில கோயில்ல பொங்கல் வச்சேன். மொத வாய் அதுக்குத்தான். அது தின்னாம வீட்டுல யாரும் தொடப்புடாது."

"யம்மா, போட்டிக்குப் போற குதிரைக்கு வெளித் தீனி குடுக்கப்புடாது."

"வெளித் தீனியா? சாமிக்கு வச்சதுல்ல. அரிசி, வெல்லம், நெய்யி. இதுல என்ன வெசமா இருக்கு?"

தினமும் ஒரு கட்டி வெல்லம் தின்கிற குதிரைதான். அம்மாவைப் பார்த்தான். பயத்தில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே அவள் ஒரு கவளத்தை உருட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்து, வெறுத்த மிருகத்துக்கு ஊட்ட வந்திருக்கிறாள். எந்த மகனால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

"விரலை மடக்காத. உள்ளங்கையில வச்சுக் குடு," என்றான்.

மைனா முகர்ந்து பார்த்தாள். உதட்டால் மெல்ல அள்ளினாள். அப்புறம் தூக்குவாளிக்குள்ளேயே மூக்கை விட்டுவிட்டாள். சண்முகவடிவு அலறி, பிறகு சிரித்து, பாதிப் பொங்கல் போனபிறகுதான் வாளியைப் பிடுங்கினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ராஜபாண்டிக்குக் கண் கலங்கியது. போவதற்கு முன் அவள் மைனாவின் கழுத்தோடு ஒட்டி நின்று என்னவோ முணுமுணுத்தாள்.

"என்னம்மா கேட்ட?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. ஒனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வியாழக்கிழமை காலை, கர்ஜத் கிளம்புவதற்கு முன்னால் மனைவி கலைச்செல்வி மிச்சப் பொங்கலைச் சூடாக்கித் தட்டில் வைத்தாள். ராஜபாண்டி ஒரு வாய் போட்டான். வெல்லம், நெய், ஏலக்காய். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு குளிர்ச்சி மெல்லப் பரவி மூக்கு வரைக்கும் ஏறியது.

தட்டை வைத்துவிட்டான்.

"யம்மா, இதுல பச்சைக் கற்பூரம் போட்டியா?"

"பெறவு? பச்சைக் கற்பூரம் இல்லாம சாமிக்குச் சக்கரப் பொங்கலா?" அம்மா பெருமையோடு சொன்னாள். "மாட்டுங்கா கடைக்குப் போயி நானே மோந்து பாத்து வாங்கினது. இங்கன விக்கிறதுல வாசமே கெடையாது. அம்மனுக்குன்னு கொஞ்சம் கூடவே போட்டேன். ஏன், நல்லால்லியா?"

"நல்லாருக்கு."

ஒற்றை அறை வீட்டில் புருஷன் பெண்டாட்டி ரகசியம் பேச இடம் கிடையாது. கலைச்செல்வி தண்ணீர்க் குடத்தை எடுப்பதுபோல எழுந்து வெளியே வந்தாள். இரும்புப் படிக்கட்டின் அடியில் நின்று அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"டாக்டரம்மாட்ட சொல்லிருங்க," என்றாள் அவள் உடனே.

"சொன்னா போட்டியில எறக்க விடமாட்டாங்க. எறங்கலைன்னா லாரி புனேக்குப் போயிரும்."

"சொல்லலைன்னா?"

"ரத்தத்துல தெரிஞ்சா தடை. நான் வேற எவன் குதிரையும் ஓட்ட முடியாது."

"அப்போ ரெண்டுலயும் மைனா போயிருவா. ஒண்ணுல நீங்களும் சேந்து போவிய." கலைச்செல்வி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுராதிய. தாங்க மாட்டாவ."

லாயத்துக்கு ஓடினான். மைனாவின் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். புதன்கிழமை தின்றதை வியாழக்கிழமை கழுவுகிற அறிவைப் பாருங்கள். அவனுக்கும் தெரியும், ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் காட்டினான். வியர்த்துப் போய்விடாதா என்று வெயிலில் வட்டம் வட்டமாக நடத்தினான். பைசான் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். எறிந்த தைல டப்பாவைப் பற்றி நினைத்தபோது ராஜபாண்டிக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லாரியில் மைனாவின் பக்கத்தில் நின்றுகொண்டே போகும்போது, முலுண்ட் தாண்டி, தாணே நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. முன்னணிக் குதிரைகளிடம்தானே ரத்தம் எடுக்கிறார்கள்? தகுதி பெற முன்னணி வேண்டாமே. மோசமில்லாமல் முடித்தால் போதும். நடுவில் எங்காவது ஒளிந்துகொண்டு தேறிவிடலாம். ஜெயிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யோசனை வந்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. ஜெயிப்பதற்காகவே வளர்த்த குதிரையிடம் ஜெயிக்காதே என்று எப்படிச் சொல்வது என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் அது சுலபமாகவே நடந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு நொடி தாமதமாகத் திருப்பினான். நிற்கவேண்டிய இடத்தில் குறியை அவள் மிதிக்கவிடாமல் முன்னாலேயே நிறுத்தினான். மைனா இரண்டு தடவை காதைப் பின்னால் திருப்பி அவனைக் கேட்டாள். மேலே என்ன ஆச்சு உனக்கு என்பதுபோல. ராஜபாண்டி கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மதிப்பெண் பலகையில் நடுவாந்திரத்தில் அவர்கள் பெயர் நின்றது. வெட்கக்கேடான அந்த இடத்தைப் பார்த்து அவன் நன்றியோடு பெருமூச்சு விட்டான்.

சனிக்கிழமை வேறு கதை. மலையடிவாரத்தில் காலைக் காற்று குளிர்ச்சியாக வந்தது. மைனாவுக்கு இந்த இரண்டாம் நாள்தான் திருவிழா. கொடி அசைந்ததும் அம்பு மாதிரி கிளம்பினாள். முதல் வேலி, புதர், இரட்டைக் கட்டை, தண்ணீருக்குள் இறங்கும் மேடு, எல்லாமே அவளுக்கு வாசற்படி. ராஜபாண்டி எப்போதும்போல மறந்துவிட்டான். அவள் முதுகில் இருக்கும்போது தாராவி இல்லை, சேட் இல்லை, கற்பூரம் இல்லை. கை தானாகக் கடிவாளத்தை விட்டுக்கொடுத்தது. மேட்டில் ஏறியபோதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரொம்ப வேகம். இப்படியே போனால் முதலிடம்.

பிடித்து இழுத்தான்.

எதிரே பள்ளத்தின் மேல் கிடந்த பெரிய மரக்கட்டைக்கு அவள் அடியை அளந்துவிட்டிருந்தாள். குதிக்கப்போகிற நொடியில் வாயில் இரும்பு இழுத்தது. முன்னங்கால் கட்டையில் மோதும் சத்தத்தை அவன் கேட்டான். வானமும் புல்லும் இடம் மாறின. கீழே விழாமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான். மைனா மூக்கு மண்ணைத் தொட, முழங்கால் மடங்க, எப்படியோ ஒரு உந்து உந்தி எழுந்துவிட்டாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். இங்கே குழி பறித்தவன் மேலே உட்கார்ந்திருந்தவன்.

மிச்சத் தடைகளைக் கடிவாளத்தைத் தொங்கவிட்டே முடித்தான். அவளே பார்த்து, அவளே தாண்டி, அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள். இறங்கியதும் ராஜபாண்டி மண்டியிட்டு அவள் நான்கு கால்களையும் தடவித் தடவிப் பார்த்தான். சூடு இல்லை, வீக்கம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து நெற்றியைத் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினான். மைனா தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வந்த புதிதில்தான் அப்படிச் செய்வாள்.

"கியா ஹுவா இஸ்கோ?" என்று பைசான் கேட்டான். இவளுக்கு என்ன ஆச்சு? ராஜபாண்டி அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றான். அவனுக்கே அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

பலகையில் அவர்கள் பெயர் சரியாக அவன் திட்டமிட்ட இடத்தில் இருந்தது. தடுமாற்றத்தில் நேரம் போனதால் நடுவரிசை. நாளைக்குக் கழிகளை ஓரளவு ஒழுங்காகத் தாண்டினால் தகுதி உறுதி. நடுவரிசையில் நிற்கிறவரை யாரும் ரத்தம் கேட்கப் போவதில்லை. சேட் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். எல்லாம் கைகூடிவிட்டது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நாளைக்கு அவள் ரொம்ப நன்றாகத் தாண்டினால் முன்னணிக்கு ஏறிவிடுவாள், நாளைக்கும் இழுக்கவேண்டும். இன்னொரு கழி, இன்னொரு நொடி. இன்று அவள் எழுந்துவிட்டாள். கழுத்து ஒடிந்து கிடக்கிற மைனாவை அவன் கண்ணை மூடாமலே பார்த்தான். அவளை வைத்துக்கொள்வதற்காக அவளைக் கொல்லப் பார்த்தேனே, பாவி, என்று வாய்விட்டே சொன்னான்.

டாக்டர் ஷைஸ்தா கூடாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ராஜபாண்டி உட்காராமல் நின்றபடியே சொன்னான். பொங்கலிலிருந்து மரக்கட்டை வரைக்கும், எதையும் விடாமல். அந்த அம்மாள் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையே போன் பண்ணியிருந்தால் பெயரை எடுத்துவிட்டு அத்தோடு முடித்திருக்கலாம்," என்றார் இந்தியில். "இப்போது இரண்டு நாள் ஓட்டிவிட்டாய். குதிரையை விலக்கித்தான் ஆகவேண்டும். விசாரணையும் வரும். தானாக வந்து சொன்னான் என்பதை நான் எழுதுகிறேன்."

"ரத்தத்துல இன்னும் இருக்குமா, மேடம்?"

"இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கலாம். எவ்வளவு தின்றாள், எவ்வளவு போட்டார்கள், யாருக்குத் தெரியும்?"

ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கலாம். ராஜபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று தெரிந்ததால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

சேட் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் அம்மா பாவம் என்ன செய்வாள்?" என்றார். "ஆனால் நான் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், பாண்டி. புனேக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது."

ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற குதிரைகளெல்லாம் பின்னிய பிடரியோடு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது மைனாவை லாரிக்குக் கூட்டிவந்தார்கள். அவள் லாரியின் சாய்வுப் பலகையில் கால் வைக்க மறுத்தாள். புனேயிலிருந்து வந்த ஆட்கள் இழுத்துப் பார்த்தார்கள், பின்னாலிருந்து தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பைசான் வந்து ராஜபாண்டியைக் கூப்பிட்டான். அவன் அவள் பக்கத்தில் போய்த் தோளோடு தோள் நின்று, வழக்கம்போல மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டான். கயிற்றைத் தொடவே இல்லை. மைனா அவன்கூடவே ஏறினாள். உள்ளே கட்டிவிட்டு அவன் மட்டும் இறங்கினான். இதைவிடப் பெரிய துரோகம் அந்த வாரத்தில் அவன் செய்யவில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

தார்ப்பாயை இறக்கிக் கட்டும்போது அம்மாவின் போன் வந்தது.

"எய்யா, அடிகிடி படலையே?"

"இல்லம்மா."

"மைனாவுக்கு?"

"ஒரு கீறல் இல்ல."

"நெசமாவா சொல்லுத?"

"நேத்து ஒரு எடத்துல தடுக்கிச்சு. விழப் பாத்தோம். எப்படியோ எந்திரிச்சுட்டா."

மறுமுனையில் சண்முகவடிவு மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் விம்மல். "பாத்தியா, எந்திரிக்க வச்சுட்டா பாத்தியா, என் ஆத்தா! நான் வேற என்ன கேட்டேன்? நீ செயிக்கணும்னா கேட்டேன்? கப்பு யாருக்கு வேணும்? ரெண்டு உசுரும் முழுசா வரட்டும்னுதான் அவ கழுத்தப் புடிச்சுச் சொன்னேன். எம்புள்ளைய கீழ போட்டுராத, நீயும் விழுந்துராதன்னு."

லாரிக்காரன் கதவைத் தாழிட்டான்.

"ஏல, இருக்கியா? செயிச்சியா தோத்தியான்னு நான் கேக்கவே இல்ல பாரு. கேட்டது கெடச்சுட்டு. வெள்ளிக்கிழமை இன்னொரு பொங்கல் வச்சிருதேன். மாட்டுங்காக்குப் போயி நல்லதா வாங்கியாரேன். இந்தத் தடவை அவளுக்கு முழு வாளியும். புடுங்க மாட்டேன்னு சொல்லு அவகிட்ட."

லாரி கிளம்பியது. உள்ளேயிருந்து மைனா ஒரு தடவை கனைத்தாள். போனிலும் அது கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் அம்மா சிரித்தாள்.

"அவதானா? என் சத்தம் கேட்டுட்டோ?"

"ஆமாம்மா," என்றான் ராஜபாண்டி. லாரி புனே ரோட்டில் திரும்புகிற வரைக்கும் போனை அந்தப் பக்கமாகவே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.